இரண்டாவது அடுப்பு

1956 பெப்ரவரி 11

நேற்றுச் சம்பளம். கிளாக்கர் ஐயா "ஆண்டியப்பன் பெண்சாதி" என்று கூப்பிட்டார். வரிசையில் நின்றது நான், கை நீட்டியது ஆண்டியப்பன். கல்யாணமான நாளிலிருந்து இப்படித்தான். மழையில் விறைத்துப்போய் தேயிலைக் கொழுந்து எடுக்க மட்டும் என் கை வேண்டும். இருபத்தொன்பது ரூபாய். மடித்து இடுப்பில் சொருகிக்கொண்டு திரும்பிப் பார்க்காமல் போனார்.

நாங்கள் பிரிந்து ஆறு மாதமாகிறது. வேறெங்கும் அதை எழுதவில்லை. இங்கேயாவது இருக்கட்டும்.

பெப்ரவரி 12

அவருக்குப் பொகவந்தலாவையில் ஒருத்தி இருக்கிறாள் என்று தெரிந்ததும், போன ஆகஸ்டில் சங்கத் தலைவர் முத்துலிங்கம் வீட்டில் வைத்துப் பேசித் தீர்த்தார்கள். அவர் வேறு, நான் வேறு. தாலியைக் கழற்றி வெற்றிலைத் தட்டில் வைத்தேன். தலைவர் அதை எடுத்து என் கையிலேயே திருப்பிக் கொடுத்தார்.

"இலங்கைப் பிரஜாவுரிமை விசாரணை முடியிற வரைக்கும் கழுத்துலயே கெடக்கட்டும் தங்கச்சி. மனு அவரு பேர்ல இருக்கு. நீயும் புள்ளைங்களும் அதுக்குள்ள. குடும்பம் பிரிஞ்சுபோச்சுன்னு தெரிஞ்சா மனு போச்சு."

ஆண்டியப்பன் சும்மா இருப்பாரா? மனுவில் எங்கள் பேர் இருக்கவேண்டுமென்றால் என் சம்பளம் தன் கைக்கு வரவேண்டும் என்றார். நானும் தலையாட்டினேன். பிள்ளைகள் நாடில்லாமல் நிற்கக்கூடாதே.

வேறு அறை தோட்டத் துரை தரமாட்டார். லயத்து வீட்டில் இருப்பது ஒரே காம்பரா, நடுவில் சாக்குப் படுதா. முன் தாழ்வாரத்து இஸ்தோப்பில் மட்டும் இரண்டு அடுப்பு. ஒன்று அவருடையது, ஒன்று நான் போட்டது. நானும் பிள்ளைகள் கந்தப்பனும் செல்லாயியும் என் அடுப்பில் சமைத்துச் சாப்பிடுகிறோம். தோட்டம் தருகிற அரிசி, ஞாயிற்றுக்கிழமை கைக்காசுக்கு எடுக்கும் கொழுந்து, அதில் ஓடுகிறது. எனக்கு விவாகரத்துப் பத்திரம் என்றால் அந்த அடுப்புதான்.

மார்ச் 12

சண்டை. கந்தப்பனுக்குக் காலில் செருப்பில்லை, ஐந்து ரூபாய் கேட்டேன். இல்லை என்றார். எங்கே என் சம்பளமெல்லாம், பொகவந்தலாவைக்காரிக்குச் சேலையா என்று கத்திவிட்டேன். லயமே வாசலுக்கு வந்துவிட்டது.

"குடிச்சா அழிச்சேன்? பாரு!" என்று ஒரு கடுதாசிக் கட்டை என் முகத்தில் எறிந்தான். மணியோடர் ரசீதுகள். மொத்தம் பதினேழு. இந்தியாவில், துறையூரில் இருக்கும் தன் அண்ணனுக்கு அனுப்பியிருக்கிறான், நிலம் வாங்க. பதினேழு மாசச் சம்பளம்! என் புள்ள வெறுங்கால்ல நடக்குது, இவனுக்கு அங்க நெலம் கேக்குதா?

மார்ச் 13

ரசீதுகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கித் தகரப்பெட்டியில் வைத்தேன். அவர் கேட்டார், கொடுக்கவில்லை. அந்த நிலத்தில் என் பங்கு இருக்கிறது என்பதற்கு வேறென்ன சாட்சி? தலைவரும் பத்திரமாக வை என்றார்.

ஜூன் 20

விசாரணைக்குக் கடிதம் வந்துவிட்டது! அடுத்த மாதம். ஐந்து வருடம் காத்திருந்தோம்.

ஜூன் 22

தலைவர் வந்து காம்பராவைச் சுற்றிப் பார்த்தார். "லயத்துக்கே வந்து பாத்தாலும் பாப்பாங்க. ரெண்டு அடுப்பு இருக்கக்கூடாது" என்றார்.

சாக்கைக் கழற்றினேன். அடுப்பை மண்வெட்டியால் நானே உடைத்தேன். செல்லாயி அழுதாள். ஆறு வயதுப் பிள்ளைக்கு எதைச் சொல்லி விளங்கவைப்பது? ஒரு மாதம்தான் என்றேன். எனக்கும் அதையே சொல்லிக்கொண்டேன்.

ஜூலை 16

விசாரணையைத் தவணை போட்டுத் தள்ளிவிட்டார்கள். அடுத்தது அக்டோபராம்.

ஆகஸ்ட் 5

குழம்பில் உப்பு கம்மியாம். தட்டைத் தள்ளிவிட்டார். நான் யாருக்கு ஆக்கிப்போடுகிறேன் என்று எனக்கே தெரியவில்லை.

செப்டம்பர் 2

சனிக்கிழமையானால் பொகவந்தலாவை போகிறார், திங்கள் காலை பெரட்டில் வேலைக்குப் பேர் கொடுக்கத் திரும்புகிறார். அவருடைய சட்டையை நான் துவைக்கிறேன். பக்கத்துக் காம்பரா காளியாயி அக்கா, "திரும்பச் சேந்துட்டீங்களாக்கும்" என்று சிரித்தாள். யாரிடமும் உண்மையைச் சொல்லக்கூடாது.

அக்டோபர் 9

மறுபடி தவணை. டிசம்பர்.

டிசம்பர் 6

நேற்று நுவரெலியாவில் விசாரணை. விடியுமுன் பஸ் ஏறினோம். ஒரு கடுதாசியும் விடாமல் கொண்டுபோகச் சொல்லியிருந்தார் தலைவர். தகரப்பெட்டியை அப்படியே தூக்கிக்கொண்டு போனேன். பிறப்புச் சீட்டு, பள்ளிக்கூடச் சீட்டு எல்லாம் வரிசையாக அடுக்கிக் கொடுத்தேன். எனக்குப் பெருமைகூட.

அதிகாரி என்னைக் காட்டி இது யார் என்றார். "எம் சம்சாரங்க" என்றார் இவர். அவ்வளவுதான், என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. இந்த ஒரு சொல்லுக்காகவா ஐந்து மாதம் அவருக்கு ஆக்கிப்போட்டேன்?

பெட்டியின் அடியிலிருந்த ரசீதுக் கட்டை அதிகாரி தானே எடுத்தார். ஒவ்வொன்றாகப் பிரித்தார். சிங்களத்தில் கேட்டதை மொழிபெயர்ப்பாளர் சொன்னார்.

"யாருக்கு அனுப்பின பணம்?"

"அண்ணனுக்குங்க. நெலம் வாங்க."

"எங்க?"

"நம்ம ஊர்லதாங்க. துறையூரு."

நம்ம ஊர்! இங்கே லிந்துலையில் பிறந்த மனுசன். துறையூரைக் கண்ணால் பார்த்ததில்லை. ஆனால் இங்கே எல்லோரும் அப்படித்தானே சொல்கிறோம்? நானும் அப்படித்தான் சொல்லியிருப்பேன். அதிகாரி அதை எழுதிக்கொண்டார். பேனா நிற்கவே இல்லை.

டிசம்பர் 7

ஏன் அதைப் பெட்டியிலேயே விட்டேன்? தலையணைக்குள் வைத்திருக்கலாமே. ஐயோ, என் கையால்தானே கொண்டுபோய்க் கொடுத்தேன்.

1957 மார்ச் 19

மனு நிராகரிக்கப்பட்டது. இங்கே நிலையாக இருக்கும் எண்ணம் இல்லையாம், ஊருக்குப் பணம் அனுப்பியதே அத்தாட்சியாம். தலைவர் கடிதத்தைப் படித்துவிட்டு மடித்து வைத்தார். நான்கு பேருக்கும் ஒரே கடிதம்.

ஆண்டியப்பன் என்னைப் பார்த்து, "ஓன் பெட்டிதான கெடுத்துச்சு" என்றான். அனுப்பினது யாருடா என்று கேட்கத் தோன்றியது. ஆனால் அவன் சொன்னதில் பாதி உண்மை.

மார்ச் 24

தலைவர் மறுபடி வந்தார். "அப்பீல் போடலாம் தங்கச்சி. ரெண்டு வருசம் போகும். அது வரைக்கும் இப்பிடியே..."

"ஜெயிக்குமாண்ணே?"

"ரசீது இருக்கே" என்றார்.

யோசித்துச் சொல்கிறேன் என்றேன்.

மார்ச் 30

இரண்டு வருடம். அப்புறம் இன்னொரு தவணை, இன்னொன்று. கந்தப்பனுக்கு அப்போது பதினான்கு முடிந்திருக்கும். அவன் எந்த நாட்டுப் பிள்ளை என்று நான் சொல்லமுடியாது. நான் வேண்டாமென்று சொன்னால் நாளைக்கு என்னைக் கேட்பானோ? கேட்பான். கேட்கட்டும். என்னால முடியலடா சாமி. அப்பீல் வேண்டாமென்று நாளைக்குத் தலைவரிடம் சொல்லிவிடுவேன்.

ஏப்ரல் 11

நேற்றுச் சம்பளம். "ஆண்டியப்பன் பெண்சாதி" என்றார் கிளாக்கர் ஐயா. இரண்டு கைகள் நீண்டன. கிளாக்கர் ஐயா என்னைத்தான் முறைத்தார்.

"இவருக்கும் எனக்கும் ஒண்ணும் இல்லீங்க. ரெண்டு வருசமாகப் போகுது. தலைவரக் கேளுங்க" என்றேன். இருபது மாதமாக மூடிவைத்ததைத் தோட்டமே கேட்கும்படி சொல்லிவிட்டேன். வரிசையின் பின்னால் நின்ற தலைவர் தலையைக் குனிந்துகொண்டார், பிறகு "ஆமாங்க" என்றார்.

கிளாக்கர் ஐயா பேனாவை எடுத்தார். "பேரு?"

"பேச்சியம்மா."

முப்பத்தொரு ரூபாய். ஈரக் கையில் ஒட்டிக்கொண்டது.

ஏப்ரல் 14

சாக்கைத் திரும்பக் கட்டினேன். ஓடைப் பக்கமிருந்து மண் எடுத்துவந்து இஸ்தோப்பில் அடுப்புப் போட்டேன். கந்தப்பன் புதுச் செருப்போடு நின்று பார்த்துக்கொண்டிருந்தான்.

"இதையும் ஒடைச்சிருவியாம்மா?"

"இல்லடா. இனிமே நம்மள யாரும் பாக்க வரமாட்டாங்க."

மழை விடவில்லை. மண் காய இன்னும் இரண்டு நாளாகும்.