அறுந்த சன்னல் கயிறு

எடின்பரோ, செவ்வாய்

அன்புள்ள இஷ்பெல்,

நீயும் ஊனாவும் நலந்தானே? அவள் இருமல் நின்றதா? நம் தீவில் டெலிபோன் லைன் இன்னும் சரியாகவில்லையாம், அதனால்தான் எழுதுகிறேன். கையெழுத்து கோணலாக இருக்கிறதே என்று பதறாதே, இடது கையால் எழுதுகிறேன்.

இங்கே ராங்கின் என்ற ஓர் அம்மா வீட்டில், மேலும் கீழும் நகரும் பழைய மரச் சன்னல்களுக்கு, குளிரும் சத்தமும் நுழையாமல் இருக்க உள்பக்கம் இன்னொரு கண்ணாடி பொருத்திக்கொண்டிருந்தேன். கடைசிச் சன்னலில் கதவைத் தாங்கும் கயிறு அறுந்து, கதவு என் வலது கைமேல் விழுந்துவிட்டது. கத்தினேன். தோட்டத்தில் இருந்த அந்த அம்மாவுக்குக் கேட்கவே இல்லை. பிறகு தேநீரோடு வந்தபோதுதான் பார்த்துக் கதவைத் தூக்கிவிட்டார்.

"அடப்பாவி, ஒரு சத்தம் போடக் கூடாதா?"

"போட்டேம்மா. நான் போட்ட உள்கண்ணாடி நல்லா வேலை செய்யுது, சத்தமே வெளியே வரல."

இருவரும் சிரித்தோம். எலும்பு முறியவில்லை. இரண்டு விரல் மட்டும் இன்னும் மடங்கவில்லை, மடங்கிவிடும்.

ஆனால் எனக்குத் தூக்கமே வரவில்லை. நம் மாடிச் சன்னலும் இதே வகைதான், கயிறு என் அப்பா காலத்தது. ஊனா அதில் தலையை நீட்டித்தானே படகு பார்ப்பாள்! இன்றே அதை மூடி ஆணி அடித்துவிடு. அழுதால் அப்பா சொன்னார் என்று சொல்.

என் பெரிய கம்பளிக் கையுறையை அனுப்பு, கட்டுக்கு மேல் போட வேண்டும். தபால்காரர் வந்துவிட்டார். ஆணி அடித்தாயிற்று என்று மட்டும் எழுது, போதும். இல்லை, மற்றதையும் எழுது.

உன் மர்டோ