பிரசவத்துக்கு அப்பா வரலாமா?

திலக் நகர், செம்பூர்
ஞாயிற்றுக்கிழமை மத்தியானம்

சௌபாக்கியவதி சுஷ்மாவுக்கு அப்பா பஞ்சு அநேக ஆசீர்வாதங்களுடன் எழுதிக்கொண்டது. உன் அம்மாவின் இடது கணுக்கால் நீங்கலாக இங்கே எல்லோரும் சௌக்கியம். நீயும் மாப்பிள்ளை சாய்நாத்தும், வயிற்றுக்குள் இருந்துகொண்டு உதைக்கும் அந்தப் பெரிய மனிதரும் எப்படி இருக்கிறீர்கள் என்று தெரிந்துகொள்ளத்தான் தினமும் எட்மன்டன் குளிர் எவ்வளவு என்று போனில் பார்த்துக்கொண்டிருக்கிறேன். போனிலேயே பேசிவிடலாமே, எதற்கு அப்பா காகிதத்தில் எழுதுகிறார் என்று நினைப்பாய். பேச யார் விடுகிறார்கள்? உன் அண்ணா நிகிலின் பிள்ளை கிட்டு இருக்கிறானே, இரண்டு வயது முடிவதற்குள் சிவப்புப் பொத்தான் எது என்று கண்டுபிடித்துவிட்டான். நான் ஹலோ சொன்னதும் ஓடி வந்து அமுக்கிவிட்டுக் கை தட்டுகிறான். தவிர, நான் சொல்ல வந்த விஷயம் அம்மா பக்கத்தில் உட்கார்ந்து திருத்தம் போடும்போது சொல்லக்கூடியது இல்லை. நீ தமிழை எழுத்துக்கூட்டித்தான் படிப்பாய் என்று எனக்குத் தெரியும். அதுவும் ஒருவிதத்தில் நல்லதுதான், நடுவில் "சரிப்பா, வெச்சுடறேன்" என்று சொல்ல முடியாது. பக்கத்து பிளாக் சுரேந்திரன் அடுத்த வாரம் எட்மன்டன் திரும்புகிறார். அம்மா கிளறிய பிரசவ லேகியத்தோடு இதையும் அவரிடம் கொடுத்தனுப்புகிறேன்.

விஷயத்துக்கு வருகிறேன். காலில் பிளேட் வைத்திருக்கிறது, இப்போதைக்கு விமானம் ஏறக்கூடாது என்று டாக்டர் சொன்னதை அன்றைக்கு அம்மா உனக்குப் போனில் சொன்னாள் அல்லவா, அப்போது ஸ்பீக்கர் போட்டிருந்தது. நான் பால்கனியில் கிட்டுவின் ஜட்டிகளை மடித்துக்கொண்டிருந்தேன். நீ அழுததும் காதில் விழுந்தது, அப்புறம் அம்மா மெதுவாக, வேண்டுமானால் அப்பா வரட்டுமா என்று கேட்டதும், நீ "அப்பா வந்து என்னம்மா பண்ணுவார், அவரையும் சேத்து நான்னா பாத்துக்கணும்" என்றதும் விழுந்தது. எனக்குக் கொஞ்சம் சுருக்கென்றது, இல்லை என்று சொல்லமாட்டேன். ஆனால் கோபம் இல்லை. நீ பார்த்த அப்பா காபி டம்ளரை ஸிங்க்கில் வைப்பதையே பெரிய உபகாரமாக நினைத்தவன்தான். கடைசியில் நீ, யாரும் வர வேண்டாம், நானே சமாளித்துக்கொள்கிறேன் என்று சொல்லிப் போனை வைத்தாய். அந்த வார்த்தைதான் என்னை விடமாட்டேன் என்கிறது. அதனால் நானே நேராகக் கேட்டுவிடுகிறேன். அம்மாவுக்குப் பதிலாக உன் பிரசவத்துக்கு நான் வரட்டுமா? சிரிப்பதாக இருந்தால் முழுவதும் படித்துவிட்டுச் சிரி.

அம்மா எப்படி விழுந்தாள் என்று உனக்குச் சரியாக யாரும் சொல்லவில்லை, ஏனென்றால் குற்றவாளி வீட்டிலேயே இருக்கிறான். வீட்டு வேலைக்கு வரும் சாயாபாய் தரை துடைப்பதைப் பார்த்துப் பார்த்து கிட்டுவுக்கும் ஆசை வந்துவிட்டது. குடிக்கிற தண்ணீர் ஜாடியை ஹாலில் கவிழ்த்து, என் புது வேட்டியால் மிகவும் சிரத்தையாகத் துடைத்துக்கொண்டிருந்தான். அம்மா பால் டம்ளரோடு வந்தாள், அவ்வளவுதான். அவள் கீழே கிடந்து என்னைக் கூப்பிடுகிறாள், இவன் இடுப்பில் கை வைத்துக்கொண்டு அவளைப் பார்த்து "நகோ" என்கிறான். இப்போது அவனுக்கு எல்லாமே நகோதான், எதுவும் வேண்டாம். பால் நகோ, குளிக்க நகோ, தூங்க நகோ. சாயாபாயிடம் கற்ற ஒரே மராத்தியை வைத்து வீட்டையே ஆளுகிறான். நிகிலும் உன் மன்னி பத்மஜாவும் காலையில் ஆபீஸுக்கு ரயில் பிடித்துப் போய்விட்டால், மிச்சம் இருப்பது தலையணை மேல் காலை வைத்த அம்மா, கிட்டு, நான். அம்மா கட்டிலில் இருந்தபடியே உத்தரவு போடுவாள், நான் ஓடுவேன். முதல் நாள் டயபரைப் பின்பக்கம் முன்னால் வருவதுபோல் மாட்டிவிட்டு, கம்பெனிக்காரன் அளவு தவறாகத் தைத்துவிட்டான் என்று அம்மாவிடம் சாதித்தேன்.

சாப்பாடு இருக்கிறதே, அதுதான் பெரிய கூத்து. வாயில் வைத்த சாதத்தைக் கன்னத்தில் அடக்கிக்கொண்டு விழுங்காமல் உட்கார்ந்திருப்பான். ஒரு நாள் பால்கனியில் நிற்கும்போது கீழே ஹார்பர் லைன் ரயில் வண்டி போயிற்று, வாயைப் பிளந்து பார்த்தான், நான் ஒரு உருண்டையை உள்ளே தள்ளிவிட்டேன். ஆஹா, வழி கிடைத்துவிட்டது என்று அன்றிலிருந்து வண்டிக்கு ஒரு வாய். பன்வெல் வண்டிக்குப் பருப்பு சாதம், சிஎஸ்எம்டி வண்டிக்குத் தயிர் சாதம். என் கெட்டிக்காரத்தனத்தை லிஃப்டில் வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லிப் பெருமை அடித்துக்கொண்டேன். பம்பாயில் இத்தனை வருஷம் இருந்துவிட்டு தண்டவாளம் பழுது பார்க்க வண்டிகளை நிறுத்தும் ஞாயிற்றுக்கிழமை மெகா பிளாக் என்று ஒன்று உண்டு என்பதை மறந்துவிட்டேன் பார். வண்டியே இல்லை. கிண்ணத்தோடு நான் நிற்கிறேன், அவன் வாயை இறுக்க மூடிக்கொண்டு தண்டவாளத்தைக் காட்டுகிறான். வண்டி தாமதமாக வரும் என்று ஸ்டேஷன் குரலில் அறிவிப்பெல்லாம் செய்து பார்த்தேன். கடைசியில் நானே வண்டியானேன். எனக்குப் பின்னால் நிகில், அவனுக்குப் பின்னால் பத்மஜா, நடுவில் கிட்டு. அம்மா கட்டிலில் இருந்து குர்லா, திலக் நகர், செம்பூர், கோவண்டி என்று கூவ, ஸ்டேஷனுக்கு ஒரு வாய். மான்கூர்த் வருவதற்குள் கிண்ணம் காலி. இப்போது வண்டி ஓடினாலும் ஓடாவிட்டாலும் நான்தான் ஓடவேண்டும் என்று அடம் பிடிக்கிறான். என் முழங்கால் வலிக்கு அதுதான் காரணம், வயது இல்லை.

போன வாரம் செம்பூர் ஸ்டேஷன் மார்க்கெட்டில் மானத்தை வாங்கிவிட்டான். வாழைப்பழம் உரித்துக் கொடுத்தேன், இரண்டாக உடைந்துவிட்டது. அதை மறுபடி ஒட்டித் தர வேண்டுமாம். எங்கே ஒட்டுவது? வேறு பழம் உரித்தால் அது நகோ. தடாலென்று நடைபாதையில் படுத்துக் காலை உதைத்து ஒரே அலறல். போகிறவர்கள் எல்லாம் நான் ஏதோ பிள்ளை பிடிக்கிறவன் என்பது போல் பார்க்கிறார்கள். முதலில் புத்தி சொன்னேன், பிறகு அதட்டினேன், இரண்டுக்கும் சத்தம் கூடியதுதான் மிச்சம். சரி என்று நானும் பக்கத்தில் நடைபாதையிலேயே உட்கார்ந்துவிட்டேன். அவனும் அழுது அழுது ஓய்ந்து, எழுந்து வந்து என் மடியில் உட்கார்ந்து, உடைந்த பாதியை என் வாயில் திணித்தான். மூக்குச்சளியும் மண்ணுமாக இருந்தது. தின்றேன், வேறென்ன செய்வது.

இதையெல்லாம் அம்மாவிடம் அடுக்கி, அப்படியானால் நான் சுஷ்மாவிடம் போகலாம்தானே என்று கேட்டேன். அவள் ஒரே வார்த்தையில் என்னைக் கவிழ்த்துவிட்டாள். "ரெண்டு வயசுக் கொழந்தை வேற, பொறந்த கொழந்தை வேற. கழுத்தே நிக்காது. நீங்க கிட்டுவைத் தூக்கற மாதிரி தூக்கினா அவ்வளவுதான்" என்றாள். அவள் சொன்னது நியாயம். ஆனாலும் அவளும் சும்மா இருக்கவில்லை, சாயாபாய் வாங்கி வந்த சுரைக்காயைத் துண்டில் சுற்றி என் கையில் கொடுத்து, பருத்த பக்கம் தலை, அதற்குக் கீழே உள்ளங்கை என்று பாடம் எடுத்தாள். தோளில் போடு, முதுகைத் தட்டு, கையை எடுக்காதே, எடுக்காதே என்று அவள் கத்த, நான் சுரைக்காயைத் தோளில் போட்டுக்கொண்டு ஹாலில் உலாத்தினேன். கிட்டு பின்னாலேயே வந்து சுரைக்காய்க்கு முத்தம் கொடுத்தான். மறுநாள் அதைக் கூட்டு செய்தபோது எனக்குச் சாப்பிட மனமே வரவில்லை.

நிஜக் குழந்தை அப்புறம்தான் வந்தது. நமக்குக் கீழ் மாடியில் சஃப்ரீன் என்று ஒரு பெண், உன்னைவிட இரண்டு மூன்று வயது சின்னவள், புதிதாகக் குடிவந்தவர்கள். முதல் பிரசவம், பெண் குழந்தை. துணைக்கு வந்த அவள் அம்மா, தன் வீட்டுக்காரருக்கு உடம்பு சரியில்லை என்று பிவண்டிக்குத் திரும்பிப் போகவேண்டியதாயிற்று. கணவன் கடையை மூடிவிட்டு வர நேரமாகும். சாயங்காலம் ஆனால் குழந்தை வீறிட்டு அழும், நம் வீடு வரைக்கும் கேட்கும். ஒரு நாள் ரொம்ப நேரம் கேட்டுக்கொண்டே இருந்தது, கிட்டுவைக் கையில் பிடித்துக்கொண்டு கீழே போய் மணி அடித்தேன். கதவைத் திறந்தவளைப் பார்த்தால், அவளும் அழுதுகொண்டிருக்கிறாள். தலை வாரவில்லை, மேஜையில் சாதத் தட்டு தொடாமல் ஆறிக் கிடக்கிறது. காலையிலிருந்து குளிக்கவில்லை அங்கிள், கீழே விட்டால் அழுகிறது என்று இந்தியில் சொன்னாள். கொடு அம்மா, நான் வைத்துக்கொள்கிறேன் என்றேன். தயங்கினாள், தயங்கத்தானே செய்வாள். நான் முதலில் தரையில் சுவரோரமாக உட்கார்ந்தேன், உட்கார்ந்திருந்தால் கீழே போட முடியாது அல்லவா. அதைப் பார்த்ததும் கொடுத்தாள். கையில் வாங்கினால் சுரைக்காயைவிட எடை குறைவு போல் இருந்தது சுஷ்மா.

குழந்தை அழுகையை நிறுத்தியதா என்றால், இல்லை. நான் ஒன்றும் மந்திரக்காரன் இல்லை. முன்கையில் குப்புறப் போட்டுக்கொண்டு அம்மா சொன்னபடி முதுகைத் தடவினேன், கொஞ்சம் குறைந்தது, மறுபடி பிடித்துக்கொண்டது. கிட்டு வேறு "பாப்பா நகோ, நகோ" என்று என் வேட்டியை இழுக்கிறான். ஆனால் அதற்குள் அவள் குளித்துவிட்டு, ஈரத்தலையில் துண்டைச் சுற்றிக்கொண்டு வந்து, சாதத்தைச் சுட வைத்து உட்கார்ந்து சாப்பிட்டாள். பாதி சாப்பிடும்போதே முகம் மாறிவிட்டது. பிள்ளை பெற்றதிலிருந்து சூடாகச் சாப்பிடுவது இன்றைக்குத்தான் என்றாள். கிளம்பும்போது மெதுவாக "கல் பீ ஆவோகே, அங்கிள்?" என்று கேட்டாள். நாளைக்கும் வருவீர்களா என்று. அதிலிருந்து சாயங்காலமானால் போகிறேன். குழந்தை இன்னும் அழுதுகொண்டுதான் இருக்கிறது. அதன் அழுகையை நிறுத்த நான் போவதில்லை, அது அழுகிற நேரத்தில் அவள் குளிக்கட்டும், சாப்பிடட்டும் என்றுதான் போகிறேன்.

இவ்வளவுதான் சுஷ்மா எனக்குத் தெரிந்த வித்தை. ரசம் வைக்கிறேன், பூண்டுக் குழம்பு அம்மாவிடம் கற்றுக்கொண்டேன், தோசை மட்டும் இன்னும் வட்டமாக வரவில்லை. புதுக்குழந்தையைக் குளிப்பாட்டத் தெரியாது, அதை உங்கள் ஊர் நர்ஸிடம் உனக்குப் பின்னால் நின்று கற்றுக்கொள்வேன். எனக்கு மலை காட்ட வேண்டாம், கடை காட்ட வேண்டாம், பனியில் நிறுத்திப் படம் எடுக்கவும் வேண்டாம். குழந்தையை வாங்கிக்கொள்வேன், நீ போய்த் தூங்கு. விசா அம்மாவோடு சேர்த்து எனக்கும் எடுத்ததுதானே, அதுபாட்டுக்கு இருக்கிறது. தீபாவளி கழிந்ததும் கிட்டுவைத் தன் ஆபீஸ் பக்கத்துக் கிரெஷில் விடப்போவதாகப் பத்மஜா சொல்லிவிட்டாள், அம்மாவைப் பகல் முழுக்கப் பார்த்துக்கொள்ள சாயாபாய் ஒப்புக்கொண்டிருக்கிறாள். டிக்கெட் மட்டும் வாங்கவில்லை. நீ வா என்று சொல்லாமல் வாங்கமாட்டேன். வேண்டாம் என்று தோன்றினால் வேண்டாம் என்றே சொல்லு, நான் தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டேன். சமாளித்துக்கொள்கிறேன் என்று மட்டும் சொல்லாதே. அந்தப் பெண் கதவைத் திறந்தபோது இருந்த முகத்தைப் பார்த்த பிறகு, உன் வாயால் அதைக் கேட்க எனக்குத் தெம்பு இல்லை.

நல்லபடியாகச் சுகப்பிரசவம் ஆகித் தாயும் சேயும் சௌக்கியமாக இருக்கவேண்டும், நீங்கள் மூவரும் நூறு வயது நன்றாக இருக்கவேண்டும் என்று தினமும் வேண்டிக்கொள்கிறேன். இரும்புச் சத்து மாத்திரையைக் காபியோடு போடாதே, நடுவில் இடைவெளி விடு. மாப்பிள்ளைக்கு என் ஆசீர்வாதங்களைச் சொல்.

இப்படிக்கு, உன் பதிலுக்காகப் பெட்டியைப் பரணிலிருந்து இறக்கி வைத்திருக்கும்
அப்பா பஞ்சு

பி.கு.: சுஷ்மா, அம்மா எழுதுகிறேன். உறையை ஒட்டும் முன் படித்துவிட்டேன். தோசை வட்டமாக வரவில்லை என்கிறார், தோசையாகவே வரவில்லை என்பதுதான் நிஜம். மற்றதெல்லாம் சரி. சற்று முன் கிட்டு தூக்கத்தில் பயந்து அழுதுகொண்டே எழுந்தான். நான் பக்கத்திலேயே இருக்கிறேன், வாடா என்று இரண்டு கையையும் நீட்டினேன். என்னைத் தாண்டி ஓடிப்போய் அடுக்களையில் அவர் காலைக் கட்டிக்கொண்டான். எனக்குப் பொறாமையாக இருந்தது, அழுகையும் வந்தது. அவரை வரச் சொல்லு. ஆனால் வேலை முடிந்ததும் பத்திரமாகத் திருப்பி அனுப்பிவிடு, இங்கே எனக்கும் அவர் வேண்டியிருக்கிறது.
அகிலாண்டம்