சிவப்பால் வெட்டிய வசனம்

மகள் கஜானி,

புட்டு அவித்து வைத்திருக்கிறேன். கல்லாய்ப் போய்விட்டது, இறால் கறியை நிறைய ஊற்றிச் சாப்பிடு.

நான் தந்த ஆங்கிலப் பயிற்சியில், “நான் துணிவானவளாக இருந்தால் இந்தக் கலியாணம் வேண்டாமென்று அப்பாவிடம் சொல்லுவேன்” என்று ஆங்கிலத்தில் ஒரு வசனம் எழுதியிருந்தாய். இல்லாததை இருப்பதாக நினைத்துச் சொல்லும்போது ‘இஃப் ஐ வொஸ்’ வராது, ‘இஃப் ஐ வேர்’தான் வரும் என்று சிவப்பால் வெட்டித் திருத்தி, “கவனம் போதாது” என்றும் எழுதிக் கொடுத்தேன். முப்பது வருடம் படிப்பித்த வாத்தியார் அல்லவா! நீ என்ன சொல்லியிருக்கிறாய் என்பது இன்று காலை பல் துலக்கும்போதுதான் மண்டையில் ஏறியது.

வாழைச்சேனைக்குப் போகிறேன். மாப்பிள்ளை வீட்டில் வாக்குக் கொடுத்தவன் நான்; போனில் சொல்லித் தப்பக்கூடாது, நேரில் நின்றுதான் ஏச்சு வாங்கவேண்டும். “வாத்தியாருக்கு ஒரு சொல் இல்லையா?” என்று அவருடைய தாய் கேட்பா. கேட்கட்டும்.

உன்னை எழுப்பிக் கேட்டிருக்கலாம். எனக்கும் துணிவில்லை.

அப்பா

பி.கு. வெளியே போனால் வீட்டைப் பூட்டித் திறப்பைப் பக்கத்து வீட்டு மாமியிடம் கொடு.

இன்னொன்று. நான் பிழையாய் விளங்கியிருந்தால், பஸ் வாழைச்சேனை போய்ச் சேருமுன் எனக்குப் போன் எடு. சரியாய் விளங்கியிருந்தாலும் எடு மகள். பயிற்சிக் கொப்பியைத் திருப்பித் தந்து மூன்று நாள், உன் குரலே கேட்கவில்லை.