பதினெட்டு அங்குலப் பாராசூட்

என் அன்பு அண்ணா,

வருகிற ஆடியோடு நீ போய் ஒரு வருடம். நம் ராக்கெட் குழுவின் ஆண்டு மலருக்கு உன்னைப் பற்றி ஒரு பக்கம் கேட்டு நாகராஜ் சார் வீட்டுக்கே வந்துவிட்டார். "ஸ்டெல்லாம்மா, நீங்க எழுதினாத்தான் சரியா இருக்கும். அவர் பேரைச் சொல்லி ஜூலைல ஒண்ணு விடலாம்னு இருக்கோம்," என்றார். தலையாட்டி அனுப்பினேன். உட்கார்ந்தால் உன்னைப் புகழ்ந்து ஒரு வரிகூட வரவில்லை. வருவதெல்லாம் வேறு.

காக்ஸ் டவுனில் உன்னைப் பைத்தியம் என்று சொல்லாதவர் யார்? வாரமெல்லாம் பீன்யா தொழிற்பேட்டையில் லேத் ஓட்டிவிட்டு, ஞாயிறு பூசை முடிந்ததும் அட்டைக் குழாயில் ராக்கெட் ஒட்டுகிற மனிதன்! மனிதன் முதன்முதலில் விண்வெளிக்குப் போன நாளுக்கு ஏப்ரலில் ஒன்று, நிலவில் இறங்கிய நாளுக்கு ஜூலையில் ஒன்று. ஆள் போன பயணத்தைக் கொண்டாட ஆளில்லாத ராக்கெட்டா என்று, விரல் நுனி அளவுக்கு மெழுகு பொம்மைகள் செய்து உள்ளே ஏற்றுவாய். பொம்மைகள் திரும்பக் கைக்கு வந்தால்தான் கைதட்டலாம். அது நீ போட்ட சட்டம். "மேல போறது பெருசில்ல, ஆளுங்க வீடு திரும்பணும்," என்பாய்.

போன வருடம் ஏப்ரலில் ராக்கெட் வேகமாக விழுந்து ஒரு பொம்மையின் கழுத்து ஒடிந்தது. அன்று நீ சாப்பிடவில்லை. மெழுகுக்குப் போய் இப்படியா என்று அண்ணி சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. கார்மெண்ட்ஸில் நாளெல்லாம் காலர் தைக்கிற நான்தானே ராக்கெட்டை இறக்குகிற பாராசூட்டையும் தைத்தேன்?

ஜூலை ராக்கெட்டில் மூன்று பொம்மைகள். அதற்கு நீ பன்னிரண்டு அங்குலப் பாராசூட் கேட்டாய். நான் பதினெட்டு தைத்தேன். மெல்ல இறங்கட்டும் என்றுதான். இறுக்கமாகச் சுருட்டி, ஒட்டாமல் விரியப் பவுடர் தூவி, நானே குழாய்க்குள் திணித்தேன். உன்னிடம் சொல்லவில்லை, சொன்னால் வேண்டாம் என்பாய். பெரிய துணியைக் காற்று நெடுந்தூரம் இழுத்துப் போகும் என்று எனக்குத் தெரியாதா? தெரியும். ஆடி மாதம் என்பதும் தெரியும்.

ஆனேக்கல் தாண்டி அந்த வெற்று நிலத்தில் ஒரு பிடி மண்ணைத் தூவிப் பார்த்தாய். "இந்தக் காத்துக்கு வேலி வரைக்கும்தான் தள்ளும், கல்குவாரிப் பக்கம் போகாது," என்று எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னாய். ஆனால் ராக்கெட் அந்தப் பக்கமே போனது. குவாரிக்குள் இறங்குவதுபோலத் தெரிந்தது. "மூணு பேரும் அங்க இருக்காங்க!" என்று நீ ஓடினாய். நாங்கள் போய்ச் சேர்ந்தபோது விளிம்பில் மண் சரிந்திருந்தது. கீழே தண்ணீர்.

ராக்கெட் மறுநாள் கிடைத்தது. குவாரிக்கு அப்பால் ஒரு முள்மரத்தில் தொங்கியது. மூன்று பொம்மைகளுக்கும் ஒரு கீறல் இல்லை. ஏன் இப்படி என்று ஆண்டவரிடம் கேட்டுக்கொண்டே இருக்கிறேன். நாகராஜ் சார் அதை என் கையிலேயே கொடுத்தார். யாரும் அளந்து பார்க்குமுன் பாராசூட்டை அறுத்து அடுப்பில் போட்டேன்.

அதன்பிறகு எல்லோரும் சொல்வது ஒன்றுதான்: "அன்னைக்கு அவர் கணக்கு தப்பிடுச்சு." அண்ணி இப்போது ஒரு ஸ்கூல் ஆபீஸில் வேலை பார்க்கிறார். மாலையில் வந்ததும் உன் நோட்டை எடுத்து வைத்துக்கொள்வார். "எத்தனை வருஷமா கணக்குப் போட்டாரு ஸ்டெல்லா, அன்னைக்கு ஒரு நாள் ஒழுங்காப் போட்டிருக்கக் கூடாதா?" என்று என்னிடமே கேட்கிறார். நான் டம்ளர் கழுவ எழுந்து போய்விடுகிறேன். உன் உயிர் போனது போதாதென்று, உனக்கு இருந்த ஒரே பெருமையையும் நான் வாயை மூடிக்கொண்டே பறித்துவிட்டேன். இதற்கு மன்னிப்பு உண்டா அண்ணா? எனக்குத் தோன்றவில்லை.

உன் நோட்டிலேயே மறுபடி போட்டுப் பார்த்தேன். பன்னிரண்டு அங்குலமாக இருந்திருந்தால் வேலிக்கு இந்தப் பக்கமே விழுந்திருக்கும். உன் கணக்கு சரி.

ஜூலையில் அவர்கள் ராக்கெட் விடட்டும். நான் தைக்கவும் மாட்டேன், வரவும் மாட்டேன். ஒரு சத்தியம் மட்டும் செய்கிறேன். இந்தத் தாளை மலருக்குக் கொடுக்குமுன், அண்ணியின் எதிரில் உட்கார்ந்து முதல் வரியிலிருந்து வாசிப்பேன். பாதியில் எழுந்து போக மாட்டேன். வாசித்து முடித்தபின் அந்த வீட்டில் எனக்கு இடம் இருக்காது. இருக்க வேண்டாம்.

உன் கணக்கைக் கெடுத்த தங்கை,
ஸ்டெல்லா