பதினோரு தோல்வியும் கருகாத சட்டையும்

அன்பு மகளுக்கு அப்பா எழுதுவது. இங்கே நானும் அம்மாவும் என் இஸ்திரிப் பெட்டியும் நலம், அங்கே நீயும் உன் ஸ்னூக்கர் கோலும் நலமாக இருக்க வேண்டும். ஆமாம், அப்பாவேதான் எழுதுகிறேன், யாரும் கையைப் பிடிக்கவில்லை. முதியோர் கல்வி மாலை வகுப்பில் எனக்கு முதல் பெஞ்சு. இவ்வளவு எழுதுவதற்குள் டீ ஆறிவிட்டது, போகட்டும்.

படிக்க வந்ததிலிருந்து கடைப் பலகை, மருந்துச் சீட்டு எதையும் நான் விடுவதில்லை. நேற்று அலமாரியில் அம்மா ஒளித்து வைத்திருந்த பிஸ்கட் டப்பா அகப்பட்டது. உள்ளே உன்னைப் பற்றிய பத்திரிகைத் துண்டுகள். எல்லாம் நீ ஜெயித்த செய்தி என்று அவள் எனக்கு வாசித்துக் காட்டியவை. விரல் வைத்துப் படித்தேன். முதல் சுற்றில் தோல்வி. மறுபடியும் முதல் சுற்றில் தோல்வி. நீ அரையிறுதி வரை போன அந்த வருஷத்துக்குப் பிறகு பதினோரு போட்டி, பதினொன்றிலும் தோல்வி! பதினோரு தடவையும் தெரு முழுக்க மிட்டாய் கொடுத்தேனே, ஒருவர் பாக்கியில்லாமல் வாயை மூடிக்கொண்டு மென்றிருக்கிறார்கள். அம்மாவைக் கேட்டால், "பின்ன என்ன பண்றது? அரையிறுதில தோத்தத உள்ளபடி சொன்னேன், அன்னிக்கே எதிர்வீட்டு டாக்டரோட பேண்ட கருக்கிட்டீங்க. மிச்சத்தையும் சொல்லியிருந்தா இந்தத் தெருவுல யாருக்கும் உடுத்தத் துணி இருந்திருக்காது" என்கிறாள். நீயும் போனில், கோப்பை கனமாக இருக்கிறது, அதனால்தான் அனுப்பவில்லை என்றாயே, திருட்டுக் கழுதை!

டப்பாவில் நீ அம்மாவுக்கு எழுதிய கடிதமும் இருந்தது. வருகிற புதன்கிழமையும் தோற்றால் தொழில்முறை ஆட்டக்காரர் பட்டியலிலிருந்து பெயர் போய்விடும், அப்புறம் அப்பா முகத்தில் எப்படி விழிப்பேன், வீட்டுக்கே வரமாட்டேன் என்று எழுதியிருக்கிறாய். இரண்டு தடவை படித்தேன். படித்த கையோடு கடைக்குப் போய் டாக்டரின் புது வெள்ளைச் சட்டையைத் தேய்த்தேன். ஒரு பொட்டு கருகவில்லை. அவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, "என்ன பெரியவரே, பொண்ணு மறுபடியும் ஜெயிச்சிட்டாளா?" என்று கேட்டார். இல்லை டாக்டர், பதினோரு தடவை தோற்றிருக்கிறாள், எனக்கே இப்போதுதான் தெரியும் என்றேன். மனிதர் சட்டையைப் பிடுங்கிக்கொண்டு வெளியே போய்விட்டார்.

ஆகையால் புதன்கிழமை எங்களை நினைக்காதே, பந்தை மட்டும் பார். உங்கள் ஸ்னூக்கர் மேசையில் விரித்த பச்சைத் துணிக்கும் இஸ்திரி போடுவார்களாமே, சுருக்கம் இருந்தால் கூச்சப்படாமல் சத்தம் போடு. ஜெயித்தாலும் தோற்றாலும் வியாழக்கிழமை ரயில் ஏறி வந்து சேர். மிட்டாய்க்குச் சொல்லியாகிவிட்டது. நூறு வருஷம் நன்றாக இரு, வேளைக்குச் சாப்பிடு.

இப்படிக்கு, இனிமேல் எதையும் மறைக்க முடியாத உன் அப்பா.

வியாழக்கிழமை பத்திரிகையை நானே படிக்கப்போகிறேன். படித்து முடிக்கும்வரை பெட்டியைச் சூடு பண்ண வேண்டாம் என்று டாக்டர் ஆள் அனுப்பிச் சொல்லியிருக்கிறார்.