பதினொன்றும் ஐம்பத்து நான்கும் ஒரே தாள்

1-7-76, வியாழன்

மழை வருகிற மாதிரி காட்டி ஏமாற்றியது. புழுக்கம். கம்பெனியில் ஏழு ஸ்டென்சில் டைப் அடித்தேன். முதுகு போச்சு.

அண்ணன் ஸ்டேஷன் கடையில் வாரப்பத்திரிகை வாங்கி வந்தார். உடனே பிளேடு. பெண்கள் பார்க்கக் கூடாததை வெட்டி எறிந்த பிறகுதான் அண்ணிக்கும் எனக்கும் கிடைக்கும். இந்த வாரம் இரண்டு ஓட்டை. பெரிய ஓட்டையின் பின்பக்கம் வத்தக்குழம்பு. புளி கரைப்பது வரை இருக்கிறது, அப்புறம் ஜன்னல்.

அண்ணி படித்ததும் எதிர்வீட்டுக் குப்பம்மாவுக்குப் போகும். தண்ணீர் பிடிக்கிற பம்படியில் அவள் குரல்: "இன்னாமே, அம்மாம் பெரிய ஓட்ட? துணி கிணி இல்லாம நின்னுகினு கீறாளா?"

2-7, வெள்ளி

ஓட்டை விழுந்தால் மறுநாள் ஸ்டேஷன் கடையில் நின்றபடி முழுப் பிரதியைப் புரட்டிவிடுவேன். இன்றும் பார்த்தேன். சோப்பு விளம்பரம். ஒரு பெண்ணின் தோள். அடச்சே!

மாலை எழும்பூரில் இதழியல் வகுப்பு. ஃபேன் ஓடவில்லை. குறித்தது:
— பத்திரிகை ஊசி மருந்து மாதிரி, நேரே வாசகர் உடம்பில் இறங்கும் (பழைய கொள்கை).
— இல்லை, வாசகர் தமக்கு வேண்டியதை மட்டும் எடுத்துக்கொள்வார்.
— எது உள்ளே போகலாம் என்று தீர்மானிக்க வாசலில் ஒருவர் நிற்கிறார்.

நெருக்கடி நிலைத் தணிக்கை பற்றி லெக்சரர் குரலைத் தாழ்த்திக்கொண்டு: "முதல்ல வெட்டின எடத்தை வெள்ளையா விட்டாங்க. ஜனங்க அதைத்தான் உத்துப் பாத்தாங்க. இப்ப வெள்ளையும் விடக்கூடாது."

கட்டுரை எழுத வேண்டும்: ஒரு பத்திரிகை, அதன் வாசகர், அதன் மேல் உள்ள கட்டுப்பாடு. நான் எங்கும் அலைய வேண்டாம். தணிக்கை அதிகாரி வீட்டிலேயே, லுங்கியில்.

பி.கு. அண்ணன் வாங்கும் அதே வாரப்பத்திரிகைக்கு மே மாதம் மனுப் போட்டேன், பயிற்சி உதவி ஆசிரியர் வேலை. நேர்முகத்துக்குத் தேர்ந்தவர்களின் பெயர் பத்திரிகையிலேயே வரும், தனிக் கடிதம் கிடையாது. வீட்டில் யாருக்கும் தெரியாது. இது கிடைத்தால் ஸ்டென்சிலுக்குத் தலைமுழுகிவிடுவேன். கிடைக்கணும்.

4-7, ஞாயிறு

வாயை மூடிக்கொண்டு இருந்தேனா? சண்டை.

"நீ ஓட்ட போடறதாலதாண்ணே பம்படில கத கட்டறாங்க. வெறும் தோளு, குப்பம்மா வாயில அம்மணமாயிட்ச்சி. வெட்டனதே தெரியலன்னா ஒருத்தரும் நெனச்சிக்கூட பாக்க மாட்டாங்க."

லெக்சரரை அப்படியே ஒப்பித்தேன். படித்த திமிர். அண்ணன் பீடியை அணைத்துவிட்டு, "அதுவும் சரிதான்" என்றார். என்னை அவர் சரி என்று சொல்லி நான் கேட்டதே இல்லை.

அப்பா கழனிக் கூலி. தொழிற்பேட்டைக்குள் முதலில் போனது அண்ணன், என்னை டைப்பிங் சேர்த்ததும் அவர்தான். மாதம் நாலு தடவையாவது சொல்லிக் காட்டுவார்.

8-7, வியாழன்

ஓட்டையே இல்லை! முதல் அட்டையிலிருந்து கடைசி அட்டை வரை முழுசு. திருத்திவிட்டேன் மனுஷனை. பட்டியல் மட்டும் வரவில்லை.

ஓட்டை இல்லாததால் கடையில் போய்ப் பார்க்கும் வேலையும் மிச்சம்.

15-7, வியாழன்

தூறல். இந்த வாரமும் ஓட்டை இல்லை. பட்டியலும் இல்லை. கட்டுரையில் மூன்று பக்கம் ஆயிற்று: 'கட்டுப்படுத்துபவரும் வாசகரின் பேச்சுக்கு இணங்குவார்.' நன்றாக வந்திருக்கிறது.

16-7, வெள்ளி

எழுதிவிடுகிறேன்.

வகுப்புக்குப் போகும் ரயிலில் பக்கத்தில் ஒரு அம்மாள். கையில் போன வாரத்து இதழ். அவள் புரட்டும்போது கண்ணில் பட்டது. பக்கம் 54. நேர்முகப் பட்டியல். நாலாவது பெயர்: ம. சரோஜா, அம்பத்தூர். தேதி புதன், 14. முந்தாநாள்.

கெஞ்சி வாங்கிப் பார்த்தேன். எங்கள் பிரதியில் நான் பார்க்காத பக்கம். நடுவில் பின் அடித்த பத்திரிகை. 54-உம் 11-உம் ஒரே தாள். தாளின் நாலு பக்கத்திலும் அண்ணன் வெட்டுகிற சமாசாரம் ஏதாவது இருக்கிறதா என்று தேடினேன். 11: சுரைக்காய்க் கூட்டு. 12: துணுக்குகள். 53: பல்பொடி விளம்பரம், அதில் ஒரு தாத்தா. படம் கிடம் ஒன்றும் இல்லை. என் பெயர் மட்டும்தான்.

வகுப்புக்குப் போகவில்லை. வீட்டுக்கு வந்து எங்கள் பிரதியைக் குப்பம்மாவிடம் வாங்கி எண்ணினேன். 10-க்கு அப்புறம் 13. 52-க்கு அப்புறம் 55. பின்னை நிமிர்த்தி, தாளை உருவி, திரும்ப மடித்திருக்கிறார். சொல்லிக் கொடுத்தவள் நான். என் வாயில் மண்ணைப் போட!

17-7, சனி

கம்பெனி போனிலிருந்து பத்திரிகை ஆபீசுக்குப் பேசினேன். "ஆள் எடுத்தாச்சேம்மா. நீங்க வரலைன்னு குறிச்சிருக்கு." வைத்துவிட்டார்கள்.

மாலை அண்ணனிடம் கேட்டேன். மறைக்கவே இல்லை. "பாத்தேன், எடுத்தேன். பத்திரிக ஆபீஸ்ல பொம்பளக்கி இன்னா வேல? யாரக் கேட்டு மனு போட்ட? எல்லாம் உன் நல்லதுக்குத்தான்."

அண்ணி அடுப்பைப் பார்த்தபடியே இருந்தாள். நான் சாப்பிடவில்லை. இந்த ஆளை வெறுக்கிறேன். இங்கேயாவது எழுதி வைக்கிறேன்.

22-7, வியாழன்

பேச்சு வார்த்தை இல்லாமல் ஆறாவது நாள். நல்ல வெயில்.

அண்ணன் வந்ததும் பையை ஆணியில் மாட்டிவிட்டுக் குளிக்கப் போனார். பையில் புது இதழ். முப்பது வாரமாக அவர் விடாமல் படிக்கும் துப்பறியும் தொடருக்கு இன்று முடிவு. நடுத்தாள். பின்னைக் கரண்டிக் காம்பால் நிமிர்த்தினேன், உருவினேன், படித்தேன், அடுப்பில் போட்டேன். அண்ணி ஒரு விறகைத் தள்ளிவிட்டாள்.

சாப்பிட்டுவிட்டுப் புரட்டினார். முன்னால் போனார், பின்னால் போனார். "இன்னாடி இது? முப்பதுக்கு அப்பால முப்பத்தஞ்சு?"

"உன் நல்லதுக்குத்தாண்ணே."

கையை ஓங்கினார். ஓங்கிய கை அப்படியே நின்றது. கொலை செய்தவன் யாரென்று இந்த வீட்டில் எனக்கு மட்டும்தான் தெரியும்.