ஈர வெள்ளையில் ஒரு பாதம்

அன்புள்ள குட்டியின் அப்பாவுக்கு,

உடம்புக்கு ஒன்றுமில்லை, நன்றாகத்தான் இருக்கிறேன். அத்தையின் முட்டிவலி தேவலையா? குட்டிக்கு இரட்டைச் சடை போடக் கற்றுக்கொண்டதாகப் பெருமையடித்தீர்களே, போட்டோவைப் பார்த்தேன். ஒன்று கிழக்கே போகிறது, ஒன்று மேற்கே போகிறது. இருந்தாலும் சபாஷ்.

போனில் சொல்லாமல் எதற்குக் கடிதம் என்று யோசிப்பீர்கள். போன் அடித்தால் குட்டிதான் ஓடிவந்து பிடுங்குவாள். அவளிடம் இதைச் சொல்ல எனக்கு வாய் வராது. கூரியரில் போட்டால் நாளைக்கே கிடைத்துவிடும்.

முதலில் நல்ல செய்தி. பாலம் முடிந்துவிட்டது. மணல் ஏற்றிய லாரிகளை வரிசையாக மேலே நிறுத்திச் சோதித்தார்கள். அந்த நேரத்தில் கட்டியவர்கள் அடியில் நிற்க வேண்டும் என்பது எங்கள் முதலாளியின் வழக்கம். அப்போதுதான் நெடுஞ்சாலைத் துறைக்காரர்களுக்கு நம்பிக்கை வருமாம். நானும் மேஸ்திரியும் நின்றோம். லாரிகள் இறங்கியதும், பாலம் எவ்வளவு தொய்கிறது என்று அளக்கும் மானியின் முள் பழைய இடத்துக்கே திரும்பியது. "பிள்ளை பாஸாயிடுச்சு மேடம்" என்றார் மேஸ்திரி. எனக்கு அழுகை வந்துவிட்டது. அந்த ஒரு நிமிஷத்துக்காக இந்தத் தகரக் கொட்டகையில் இன்னும் ஒரு வருஷம்கூட வேகலாம் என்று தோன்றியது. கோபித்துக்கொள்ளாதீர்கள்.

மற்றபடி இந்த இன்ஜினீயர் வேலையின் லட்சணம் உங்களுக்குத் தெரிந்ததுதான். துறை அலுவலகத்தில் நான் காண்ட்ராக்டர் ஆள், உட்கார நாற்காலி கிடையாது. ஊர்க்காரர்களுக்கு நான் கவர்மெண்ட் ஆள், திட்டு மட்டும் தாராளமாகக் கிடைக்கும். திறப்பு விழாக் கல்வெட்டில் அமைச்சரிலிருந்து ஆரம்பித்து ஒரு கூட்டமே இருக்கிறது. என் பெயரை அதில் தேட வேண்டாம்.

இனிதான் விஷயம். வெள்ளிக்கிழமை திறப்பு விழா, அன்று மாலையே நான் பஸ் ஏறுவது, திங்கட்கிழமை முதல் நாள் குட்டியை நானே கையைப் பிடித்துப் பள்ளிக்கூடத்தில் விடுவது என்றுதானே ஏற்பாடு? புதன்கிழமை மேலே எங்கோ நல்ல மழை. ஆற்றில் தண்ணீர் ஏறிப் படகை நிறுத்திவிட்டார்கள். சந்தைக்கு வந்த மறுகரைப் பெண்கள், பிள்ளைகளோடு பாலத்துத் தடுப்புக்கு முன்னால் நின்றார்கள். பாலம் கண்ணெதிரே இருக்கிறது, போக முடியாது. குட்டி வயதுப் பெண் ஒருத்தி என் கையைச் சுரண்டி, "எப்பக்கா தொறப்பீங்க?" என்று கேட்டாள். "எப்பம்மா வருவே?" என்று குட்டி கேட்கிற அதே குரல். ஒருத்திக்காவது பதில் சொல்லலாமே என்று தடுப்பை நகர்த்திவிட்டேன்.

பெண்கள் பாலத்தின் நடுவே நடந்துபோனார்கள். பிள்ளைகள் அப்படிப் போகுமா? ஓரத்துச் சிமெண்ட் கட்டை மேல் ஏறி ஒன்றன்பின் ஒன்றாக ஓடின. விழாவுக்காக அன்று மதியம்தான் அதற்கு வெள்ளை அடித்திருந்தோம், காயவே இல்லை.

மறுநாள் காலையில் துறை அதிகாரி வந்து பார்த்தார். கோடி ரூபாய்ப் பாலத்தில் கோழி மேய்ந்த மாதிரி தடங்கள். "யார் விட்டது?" என்றார். நான்தான் என்றேன். ஒப்படைக்கும் முன்பே ஜனங்களை விட்டது பெரிய குற்றமாம். மறுபடி வெள்ளை, மறுபடி சோதனை, விழா தள்ளிப்போய்விட்டது. தேதி தெரியவில்லை. அதுவரை நான் நகரக் கூடாது என்று முதலாளி சொல்லிவிட்டார். திட்டக்கூட இல்லை, அதுதான் சங்கடமாக இருந்தது.

அதனால் திங்கட்கிழமை நீங்கள்தான் போக வேண்டும். தூக்கிக்கொண்டு போகாதீர்கள், அவளே நடந்து உள்ளே போகட்டும். அழுதால் வாசலிலேயே கொஞ்ச நேரம் நில்லுங்கள். அம்மா பொய் சொல்லவில்லை என்று மட்டும் எப்படியாவது புரியவையுங்கள். நான் அங்கே இல்லையே என்பதை நினைத்தால் சோறு இறங்கவில்லை.

ஒரு உதவி. அவள் காலை ஒரு தாளில் வைத்துச் சுற்றிக் கோடு போட்டு அனுப்புங்கள். பள்ளிக்கூட ஷூ இங்கிருந்தே வாங்கி அனுப்புகிறேன், அளவு எனக்குத் தெரியவில்லை. எல்லாத் தடங்களையும் வெள்ளையடித்து மறைத்தாயிற்று. கடைசித் தூணருகே ஒன்றை மட்டும் விட்டுவைக்கச் சொன்னேன், மேஸ்திரியும் பார்க்காத மாதிரி போய்விட்டார். தாள் வந்ததும் அந்தத் தடத்தின் மேல் வைத்துப் பார்க்க வேண்டும்.

குட்டி நன்றாகப் படிக்கட்டும். சீக்கிரம் அனுப்புங்கள், அவள் கால் வளர்வதற்குள்.

உங்கள்,
குட்டியின் அம்மா